கூரையில் ஏறும் முன்: சோலார் பொருத்தும் சிறு காண்ட்ராக்டர்களுக்கு ஓர் இன்சூரன்ஸ் வழிகாட்டி

2022 ஆனி மாதம். ஊத்துக்குளி பக்கம் ஒரு பனியன் கம்பெனி ஷெட்டில் 40 கிலோவாட் வேலை. மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். சிமெண்ட் ஷீட்டின் மேல் பலகை போட்டு, அதில்தான் நடக்க வேண்டும். ட்ரில்லிங் மெஷின் ஒயர் எங்கோ சிக்கிக்கொண்டது என்று எங்கள் பையன் ஒருவன் பலகையை விட்டு ஒரு காலை வெளியே வைத்தான். ஷீட் உடைந்து பதினாறு அடி கீழே போய்விட்டான். துணி மூட்டை மேல் விழுந்ததால் உயிர் தப்பியது. தொடை எலும்பு முறிவு.

என்னிடம் டபிள்யூ.சி. பாலிசி (வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன், வேலையில் அடிபடும் ஆட்களுக்கான இழப்பீட்டுப் பாலிசி) இருந்தது, அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாலிசியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதில் நான்கு பேர்தான், இவன் ஐந்தாவது ஆள். தொழில் என்ற இடத்தில் ‘எலக்ட்ரிக்கல் சாமான் விற்பனை’ என்று இருந்தது. சம்பளம் ஆளுக்கு 8,000 என்று போட்டிருந்தது. நான் கொடுத்தது 18,000. ஆஸ்பத்திரிச் செலவு அந்தப் பாலிசியில் சேரவே இல்லை. ஒரு ரூபாய் வரவில்லை. வீட்டு நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்கும் ஐந்து மாதக் கூலிக்கும் கட்டினேன்.

பிரீமியம் குறையும் என்று ஏஜெண்ட் சொன்னார், நானும் தலையாட்டினேன். அதனால் ஏஜெண்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் சோலார்க்காரன், உதாரணமெல்லாம் சோலாராகத்தான் வரும். ஏ.சி., சி.சி.டி.வி., லிஃப்ட், ஃபால்ஸ் சீலிங் பொருத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. பாலிசி கேட்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி இதைச் செய்யுங்கள். போன பன்னிரண்டு மாதத்தில் என்னென்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு உயரத்தில், எத்தனை பேர், அதில் நிரந்தர ஆள் எத்தனை, தினக்கூலி எத்தனை, சப்-காண்ட்ராக்டில் விட்டது எது, வெல்டிங் உண்டா, கிரேன் வைத்தீர்களா, சாமான் எங்கே இறங்கி எத்தனை நாள் கிடந்தது. இந்தத் தாளில் உள்ளது பாலிசியில் அப்படியே வர வேண்டும். பாலிசியில் ஒன்று, கூரை மேல் வேறொன்று என்றால் கிளெய்மில் மாட்டிக்கொள்வீர்கள்.

தொழில் விவரத்தில் ‘எலக்ட்ரிக்கல் வேலை’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ‘கட்டடக் கூரைகளில் சூரிய மின் தகடுகள் பொருத்துதல், ஸ்ட்ரக்சர் வெல்டிங், ஒயரிங், உயரத்தில் செய்யும் வேலைகள் உட்பட’ என்று முழுவதும் எழுதச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் உயரத்துக்கு வரம்பு வைக்கும். அதையும் வாய் திறந்து கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

2. ஆட்களுக்கான பாலிசி: இதுதான் முதல், மற்றதெல்லாம் அப்புறம்

கையில் காசு ஒரு பாலிசிக்குத்தான் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். வேலையில் ஆளுக்கு அடிபட்டால் முதலாளி இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். உங்கள் மேல் தப்பு இருந்ததா இல்லையா என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. கணக்குப் போடும் முறை மாறவில்லை. ஏஜெண்டுகள் இன்னும் டபிள்யூ.சி. என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே கேட்கலாம்.

கணக்கு இதுதான். இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் கணக்குக்கு எடுப்பது அதிகபட்சம் 15,000. முப்பது வயது ஆளுக்குக் காரணி எண் 207.98. அப்படியானால் 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். இது நீங்கள் கட்ட வேண்டிய தொகை. பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும், இல்லாவிட்டால் நீங்கள்.

சம்பளத்தை 8,000 என்று குறைத்துப் போட்டால் என்ன ஆகும்? கம்பெனி 8,000-க்குத்தான் கணக்குப் போடும்: 8,31,920. மீதி 7,27,930 உங்கள் தலையில். இந்தக் குறைப்பில் ஆண்டுக்கு நீங்கள் மிச்சம் பிடித்தது சில ஆயிரம்.

இந்தப் பாலிசியில் நான்கு இடங்களில் கவனம் வேண்டும்.

தினக்கூலி ஆட்கள். பெயர்ப் பட்டியல் கொடுத்து எடுத்தால் பட்டியலில் உள்ளவருக்கு மட்டும்தான். நம் தொழிலில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ‘பெயர் குறிப்பிடாத’ முறையில், அதாவது வேலை வகை, எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்று மட்டும் சொல்லி எடுக்கலாம். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் சைட்டில் இருப்பார்களோ அந்த எண்ணிக்கையைக் கொடுங்கள். சராசரியைக் கொடுத்தால் ஆள் கூடுகிற நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

சப்-காண்ட்ராக்ட் ஆட்கள். ஸ்ட்ரக்சர் வெல்டிங்கை வேறொருவரிடம் விட்டிருப்பீர்கள். அவருடைய ஆளுக்கு அடிபட்டால் அந்த ஆள் உங்களிடமும் கேட்கலாம். நீங்கள் கொடுத்துவிட்டு அப்புறம் வெல்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். வெல்டரிடம் பாலிசி இருந்தால் நகலை வாங்கி வையுங்கள். இல்லை என்றால் கூடுதல் பிரீமியம் கட்டி உங்கள் பாலிசியிலேயே ‘காண்ட்ராக்டரின் ஆட்கள்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவச் செலவு. சட்டப்படி சிகிச்சைச் செலவையும் நீங்கள்தான் தர வேண்டும். ஆனால் சாதாரண பாலிசியில் அது பெரும்பாலும் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். என் அனுபவத்தில் நம் தொழிலில் சாவை விட எலும்பு முறிவுதான் அதிகம். இதை விட்டுவிட்டால் பாலிசி எடுத்ததில் பாதிப் பலன் இல்லை.

வட்டியும் அபராதமும். இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்றால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம். இவற்றைப் பாலிசி பொதுவாக ஏற்காது.

பிரீமியம் மொத்த ஆண்டுச் சம்பளத்தில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வரும். ஆறு பேர், ஆளுக்கு 18,000 என்றால் ஆண்டுக்கு 12,96,000. உதாரணத்துக்கு ஆயிரத்துக்கு 15 ரூபாய் என்று ஒருவர் சொன்னால் 19,440, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 22,939. ஒரே தாளை மூன்று இடத்தில் கொடுத்து விலை கேட்டபோது குறைந்ததற்கும் கூடியதற்கும் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் இருந்தது. குறைவாகச் சொன்னவர் மருத்துவச் செலவை விட்டிருந்தார்.

3. இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள்

பத்து பேர் ஆகிவிட்டாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு கட்டாயம். மாதம் 21,000 வரை வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். சம்பளத்தில் நீங்கள் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். இ.எஸ்.ஐ.யில் உள்ளவர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்க முடியாது, அவருக்கு டபிள்யூ.சி. பாலிசி தேவையில்லை. 21,000-க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசருக்கு மட்டும் எடுங்கள்.

‘எல்லாருக்கும் 20 ரூபாய் பாலிசி போட்டுவிட்டேன்’ என்று சிலர் சொல்வார்கள். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தைச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். நல்ல திட்டம், ஆட்கள் எல்லாரையும் அவரவர் வங்கிக் கணக்கில் சேரச் சொல்லுங்கள். ஆனால் அந்த 2 லட்சம் குடும்பத்துக்குக் கிடைப்பதால் உங்கள் பதினைந்தரை லட்சம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உதவியும் அப்படித்தான்.

4. சாமானுக்கும் வேலைக்கும்: டிரான்சிட், இ.ஏ.ஆர்.

வீட்டு மாடியில் 3 கிலோவாட் போடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அந்த அளவு வேலைக்குத் தனி இ.ஏ.ஆர். (பொருத்தும் வேலைக்கான பாலிசி) எடுத்தால் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. ஷெட் வேலை, 30 கிலோவாட்டுக்கு மேல் என்றால் படியுங்கள்.

லாரியில் வரும்போது சாமானைக் காப்பது டிரான்சிட் பாலிசி. அதில் ஏ, பி என்று பிரிவுகள் உண்டு. பி பிரிவு தீ, வண்டி கவிழ்வது போன்ற குறிப்பிட்ட விபத்துகளுக்கு மட்டும். கண்ணாடிப் பேனலுக்கு அது பத்தாது, ஏ பிரிவு கேளுங்கள். சாமான் இறங்கும்போது அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தால் அப்போதே எல்.ஆர். (லாரி ரசீது) நகலில் ‘பெட்டி சேதம், பிரித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டிரைவர் முறைப்பார், முறைக்கட்டும். லாரிக் கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க புக்கிங் தேதியிலிருந்து 180 நாள்தான் அவகாசம். அதைத் தவறவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியும் உங்கள் மேல் குறை சொல்லும்.

சைட்டில் இறங்கியதிலிருந்து சோதனை ஓட்டம் முடியும் வரை காப்பது எரெக்‌ஷன் ஆல் ரிஸ்க், சுருக்கமாக இ.ஏ.ஆர். தீ, புயல், திருட்டு, பொருத்தும்போது கைநழுவி விழுவது எல்லாம் வரும். டிசைன் தப்பு தானாக வராது, கூடுதலாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது கேபிள் 50 மீட்டர் குறைகிறது என்பது போன்ற கணக்குக் குறைவுக்கும் கிடையாது.

முக்கியமான பொறி, காப்பீட்டுத் தொகையைப் போடுவதில் இருக்கிறது. வேலை முடிந்து நிற்கும்போது மொத்த மதிப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு எடுக்க வேண்டும்: சாமான், லாரி வாடகை, கூலி, வரி எல்லாம் சேர்த்து. கஸ்டமரே வாங்கிக் கொடுத்த இன்வெர்ட்டரையும் சேர்க்க வேண்டும். உங்கள் பில் 30 லட்சம், கஸ்டமர் கொடுத்த சாமான் 10 லட்சம் என்று வையுங்கள். நீங்கள் 30-க்கு மட்டும் எடுத்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 3 லட்சம்தான் கணக்காகும். அதிலும் உங்கள் பங்கு என்று பாலிசியில் போட்டிருக்கும் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பேனல் ஏற்றிவிடுவோம், நெட் மீட்டருக்கு (மின்வாரியத்துக்குப் போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) வாரக்கணக்கில் காத்திருப்போம். அதற்குள் ஆடிக் காற்று வந்துவிடும். 540 வாட் பேனல் ஏழரை அடி நீளம், காற்றுக்கு அது ஒரு பாய்மரம். பாலிசி தேதி முடிகிற நாளைச் செல்போனில் பத்து நாள் முன்னதாக அலாரம் வைத்து, முடிவதற்கு முன்பே நீட்டிக்கச் சொல்லி மெயில் அனுப்புங்கள். முடிந்த பிறகு கேட்டால் புதுப் பாலிசி என்பார்கள். பாதி முடிந்த வேலைக்குப் புதுப் பாலிசி வாங்குவது லேசில்லை.

ஆண்டு முழுக்க ஷெட் வேலை செய்கிறவர்கள், ஒவ்வொரு வேலையாகத் தெரிவித்துக்கொண்டே போகும் ஆண்டுப் பாலிசி கிடைக்குமா என்று கேட்கலாம். ஆனால் தெரிவிக்க மறந்த வேலைக்குப் பாலிசி இல்லை என்றே வையுங்கள்.

5. அடுத்தவர் உயிருக்கும் சொத்துக்கும்

வெல்டிங் பொறி பறந்து கஸ்டமரின் நூல் மூட்டை எரிந்தது, ஸ்பேனர் விழுந்து பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடி போனது, இதற்கெல்லாம் லயபிலிட்டி பாலிசி. இங்கே பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்று மட்டும் கேட்டால் 1991 சட்டப்படி அபாயகரமான ரசாயனங்கள் வைத்திருப்பவர்களுக்கான பாலிசியைச் சிலர் நீட்டிவிடுவார்கள். அது நமக்கு எதற்கும் ஆகாது. ‘கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி’ என்று கேளுங்கள்.

வேலை ஒப்படைத்துப் போன பிறகு நடப்பதும் வருமா என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கிளாம்ப் கழன்று பேனல் பறந்து ஒருவர் மேல் விழுந்தால் அதற்கு ‘கம்ப்ளீட்டட் ஆபரேஷன்ஸ்’ என்ற பகுதி சேர்ந்திருக்க வேண்டும். அது சேர்ந்திருந்தாலும், பறந்த பேனலை மாற்றித் தரும் செலவு வராது. உங்கள் வேலையின் குறையைச் சரி செய்வது உங்கள் பாடு. மத்திய அரசின் வீட்டுச் சோலார் திட்டத்தில் ஐந்து ஆண்டு பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அதை எந்தப் பாலிசியும் சுமக்காது.

ஒரகடம், ஓசூர் பக்கம் பெரிய கம்பெனிகளில் வேலை எடுத்தால் ஒப்பந்தத்திலேயே எவ்வளவு தொகைக்கு லயபிலிட்டி வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கொட்டேஷன் கொடுக்கும் முன்பே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்து, பிரீமியத்தை உங்கள் விலையில் சேர்த்துவிடுங்கள். ஆர்டர் வந்த பிறகு பார்த்தால் அது உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

6. கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள்

பான் கார்டு, ஜி.எஸ்.டி. சான்று, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு; இலவசம், பணம் கேட்கும் தளத்தை நம்பாதீர்கள்), ரத்து செய்த காசோலை, வேலை ஆணை நகல், ஆட்கள் எண்ணிக்கை–சம்பளம்–வேலை வகைப் பட்டியல், முந்தைய பாலிசியும் கிளெய்ம் விவரமும். இ.ஏ.ஆர். என்றால் சாமான் விலைப்பட்டியலும் வேலை அட்டவணையும் கூட.

முன்மொழிவுப் படிவத்தை ஏஜெண்ட் நிரப்பட்டும், ஆனால் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.

ஏஜெண்ட் கம்பெனியின் ஆள், புரோக்கர் சட்டப்படி உங்கள் தரப்பு ஆள். புரோக்கருக்குக் கமிஷன் கம்பெனி தருகிறது, நீங்கள் தனியாகத் தர வேண்டியதில்லை. டபிள்யூ.சி.க்கு ஏஜெண்ட் போதும். இ.ஏ.ஆரும் லயபிலிட்டியும் வேண்டும் என்றால் புரோக்கரைப் பாருங்கள். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற அரசுக் கம்பெனிகளிலும் விலை கேளுங்கள், கிளை ஆபீசில் நேரில் உட்கார்ந்து பேச முடியும்.

பணம் கட்டிய பிறகுதான் பாதுகாப்பு தொடங்கும். காலையில் ஆட்களை ஏற்றிவிட்டு மத்தியானம் பணம் கட்டலாம் என்பது நடக்காது. காசோலை திரும்பினால் பாலிசியும் போயிற்று. டபிள்யூ.சி. எனக்கு ஒரே நாளில் வந்திருக்கிறது, இ.ஏ.ஆருக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு ஒரு வாரம் இழுத்தது. சாமான் இறங்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே ஆரம்பியுங்கள்.

7. பாலிசி வந்த அன்றே படியுங்கள்

முதல் பக்கம் மட்டும் போதாது, இணைப்புத் தாள்களில்தான் விஷயம் இருக்கிறது. முதல் படியில் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, தொழில் விவரம், ஆட்கள், சம்பளம், இடம், தேதி, மருத்துவ வரம்பு, உயர வரம்பு ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். தப்பு இருந்தால் அன்றே மெயில். போனில் சொன்னால் ‘மாத்திடலாம் சார்’ என்பார்கள். அந்த ‘சார்’ கிளெய்ம் அன்றைக்கு எதற்கும் உதவாது.

புது ஆள் சேர்ந்தாலோ சம்பளம் கூடினாலோ நடுவில் திருத்தம் போடலாம், மீதி நாளுக்கு மட்டும் பிரீமியம். வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் நோட்டிலாவது எழுதி வையுங்கள். கூலியை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ கொடுங்கள். அந்த ஆள் உங்களிடம்தான் வேலை செய்தார் என்பதற்கு அதை விட நல்ல சாட்சி இல்லை.

8. விபத்து நடந்துவிட்டால்

முதலில் ஆஸ்பத்திரி. ‘வண்டியில் விழுந்துவிட்டான் என்று சொல்லிவிடலாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் முதலில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) இருக்கும், கிளெய்ம் முழுவதும் அதைச் சுற்றித்தான் ஓடும்.

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில். பாலிசி எண், நேரம், இடம், ஆளின் பெயர், என்ன நடந்தது என்று நான்கு வரி போதும். இடத்தைப் போட்டோ எடுங்கள். சாமான் சேதம் என்றால் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் அகற்றாதீர்கள். உடைந்த பேனலைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டு பில்லை மட்டும் நீட்டினால் வேலைக்காகாது.

மரணமோ பலத்த காயமோ என்றால் ஏழு நாளுக்குள் தொழிலாளர் துறை ஆணையருக்கு அறிக்கை தர வேண்டும். இங்கேதான் நல்லவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். இறந்தவர் வீட்டுக்குப் போய், ஊர்ப் பெரியவர்களை வைத்து, 5 லட்சம் கொடுத்து பாண்டு பேப்பரில் எழுதி வாங்கிவிடுவார்கள். அந்தத் தாள் செல்லாது. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேரில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்காகாது. முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் அளவுக்குக் கொடுத்தால் மட்டும் கழித்துக்கொள்வார்கள். மனசு கேட்காமல் அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் பதினைந்தரை லட்சம் அப்படியே நிற்கும்.

காயம் என்றால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, அரை மாதத்துக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். கணக்குக்கு 15,000 என்றால் ஒவ்வொரு முறையும் 3,750. கொடுத்ததற்கெல்லாம் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், டாக்டரின் ‘வேலைக்குத் தகுதி’ சான்று எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

9. கிளெய்மை மறுத்தால்

மறுத்ததை எழுத்தில் கேளுங்கள், எந்த விதிப்படி என்று. அதற்கு அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் பதில் போடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் ஆபீஸ். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க முடியாது, நாமே போய்ப் பேச வேண்டும். கம்பெனியின் முடிவு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆனால் தனி உரிமையாளர் தொழிலுக்கும் குறு நிறுவனத்துக்கும்தான் அந்தக் கதவு திறக்கும். உத்யம் சான்றை ஆறாம் படியில் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் ‘மைக்ரோ’ என்று இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் வளர்ந்துவிட்ட பிரைவேட் லிமிடெட்காரர்கள் நுகர்வோர் ஆணையத்துக்கோ சிவில் கோர்ட்டுக்கோ போக வேண்டியதுதான்.